பல் நாற்காலியில் கெட்ட செய்தி: புதிய பல் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"இத்தனை நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" பல் கிளினிக்குகளில் அன்றாடம் காதில் விழும் கேள்வி இது. கேட்கும் மருத்துவர் அக்கறையில்தான் கேட்கிறார். நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, கண்ணில் விளக்கு அடிக்கக் கிடப்பவர் காதில் அது திட்டாகத்தான் விழுகிறது. அன்றைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த தடவை வலித்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவார், கிராம்புத் தைலம் வைப்பார், நம்மிடம் வரமாட்டார். கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு உள்ள ஒருவர் அப்படி ஒரு வருடம் வராமல் இருந்தால் அது புற்றுநோயாக மாறிவிடக்கூடும் என்று உங்களுக்கே தெரியும்.

பிடிஎஸ் முடித்துப் புதிதாகக் கிளினிக்கில் உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். பல்லைக் காப்பாற்ற முடியாது, எலும்பு கரைந்துவிட்டது, குழந்தைக்கு எட்டுப் பல் சொத்தை, இந்தப் புண்ணைச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்: இவற்றை எப்போது, எந்த வரிசையில், எந்தச் சொற்களில் சொல்வது, கூடவே என்னென்ன தாள்கள், எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்பதுதான் விஷயம். புற்றுநோய் மருத்துவர்கள் 2000-ல் வெளியிட்ட ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. இடத்தை ஒழுங்கு செய், அவருக்குத் தெரிந்ததைக் கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள், சொல், அவர் மனம் ஆறும்வரை பொறு, அடுத்து என்ன என்று திட்டமிடு. கீழே வரும் படிகளுக்கு அதுதான் அடிப்படை.

1. 'அலட்சியம்' என்று முடிவு கட்டும் முன் காரணத்தைப் பாருங்கள்

நம் பேச்சில் குற்றச்சாட்டு ஏறுவதற்கு முக்கியக் காரணம், மனதுக்குள் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிடுவது. வாயைப் பார்த்ததும் 'பல்லே தேய்ப்பதில்லை' என்று தோன்றினால் முதலில் கீழே வரும் காரணங்கள் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வருகிறவரின் பல்லில் பழுப்புக் கறையும் குழிகளும் இருந்தால், அது சின்ன வயதில் குடித்த தண்ணீரின் வேலை. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் எத்தனை தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. "சரியா பிரஷ் பண்ணுங்க" என்று அவரிடம் சொல்வது அநியாயம்.

மேல் முன்பற்களின் உட்பக்கம் மட்டும் வழவழவென்று கரைந்திருக்கிறதா? வயிற்று அமிலம் மேலே வந்திருக்கிறது. கர்ப்ப கால வாந்தி, நாள்பட்ட எதுக்களிப்பு, சாப்பிட்டதைத் தானே வாந்தியெடுக்கும் நோய், எதுவாகவும் இருக்கலாம். ஈறோரமாகச் சுற்றிச் சுற்றிச் சொத்தை வந்திருந்தால் எச்சில் வற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மனச்சோர்வுக்கும் ஒவ்வாமைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் பல மாத்திரைகள் வாயை உலர்த்தும். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இருபது வயதுப் பையனுக்குப் படிவு அதிகமில்லாமலே முதல் கடைவாய்ப் பல்லும் முன்பற்களும் ஆடினால், அது வேகமாகப் பரவும் வகை ஈறு நோய். வீட்டில் அண்ணன், தங்கை இருந்தால் அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் இல்லை, உண்மையிலேயே கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்றாலும் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். தினக்கூலிக்காரருக்குக் கிளினிக்கில் ஒரு நாள் என்பது ஒரு நாள் சம்பளம். பத்து வயதில் கையைக் காலைப் பிடித்து அழுத்திப் பல் பிடுங்கிய பயம் நாற்பது வயதிலும் போவதில்லை.

2. நாற்காலியை நிமிர்த்துங்கள்

சின்ன விஷயமாகத் தெரியும். இதைச் செய்யாமல் மற்ற எந்தப் படியும் வேலை செய்யாது.

வாயில் இருப்பதை எல்லாம் வெளியே எடுங்கள். விளக்கை அணையுங்கள், உறிஞ்சியை நிறுத்துங்கள். நாற்காலியை நேராக நிமிர்த்தி, வாய் கொப்பளிக்கவும் துடைத்துக்கொள்ளவும் விடுங்கள். உங்கள் கையுறையைக் கழற்றி, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, ஸ்டூலை அவருக்கு எதிரே இழுத்துப்போட்டு, கண்ணுக்கு நேராகக் கண் இருக்கும்படி உட்காருங்கள். பிறகு பேசுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள்:

மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு சொல்வது. கீழ்த்தாடைக்குப் போட்ட ஊசியில் உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். எச்சில் வழிய, வார்த்தை குழற, அவரால் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. அந்த நிலையில் வாங்கும் கையெழுத்துக்கும் மதிப்பு குறைவு.

உதவியாளரிடம் தலைக்கு மேல் ஆங்கிலத்தில் பேசுவது. 'பூர் ஹைஜீன்', 'ஹோப்லெஸ்' என்று பல்லின் நிலையைக் குறிக்கச் சொல்வது நம் பழக்கம். ஹோப்லெஸ் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பல்லைச் சொன்னீர்களா தன்னைச் சொன்னீர்களா என்பதுதான் அவருக்குத் தெரியாது.

வரவேற்பறைக்கும் நாற்காலிக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு இருப்பது. அப்படியென்றால் பேச்சை நாளின் முதல் அல்லது கடைசி நோயாளிக்கான நேரத்துக்கு மாற்றுங்கள். ஒரு பல்லை எடுக்கச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஈறு நோய்க்குக் கால் மணி. பயாப்ஸி (சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவைச் சொல்ல அரை மணி நேரத்தை முழுதாக ஒதுக்குங்கள், போனை வெளியே கொடுத்துவிடுங்கள்.

3. கேள்வியின் வாலை வெட்டுங்கள்

பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொள்ளாமல் சிகிச்சை இல்லை. அதனால் கேட்கத்தான் வேண்டும். 'ஏன்' என்று தொடங்குகிற, 'கூடவா', 'இல்லையா' என்று முடிகிற கேள்விகள் விசாரணை ஆகிவிடுகின்றன. 'எப்போ', 'எவ்வளவு', 'எப்படி' என்று தொடங்கினால் அதே தகவல் சண்டை இல்லாமல் கிடைக்கும்.

"ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?" என்பதற்குப் பதில், "இது எப்போ ஆரம்பிச்சுது? நடுவுல என்னென்ன பண்ணிப் பார்த்தீங்க?"

"ராத்திரி பல்லு தேய்க்கிறதே இல்லையா?" என்பதற்குப் பதில், "ஒரு நாள்ல எந்தெந்த நேரத்துல தேய்க்க முடியுது உங்களுக்கு?"

"பாக்கு, ஹான்ஸ் எல்லாம் போடுவீங்களா?" என்று முகத்தைச் சுளித்துக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "இது எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான். வெத்தலை, பாக்கு, ஹான்ஸ், கூல் லிப், பீடி, சிகரெட், இதுல எது பழக்கம்? ஒரு நாளைக்கு எத்தனை? வாயில எந்தப் பக்கம் வைப்பீங்க?" என்று வரிசையாகக் கேட்டால் எண்ணிக்கையோடு பதில் வரும். கடைசிக் கேள்வி முக்கியம். அவர் விரலால் காட்டுகிற இடத்தைத்தான் நாம் முதலில் சோதிக்க வேண்டும்.

"யார் பார்த்த வைத்தியம் இது?" என்ற கேள்வியை அடியோடு விடுங்கள். முன்பு பார்த்த மருத்துவர் எந்த நிலையில், எவ்வளவு வாய் திறந்த நோயாளியிடம், எத்தனை பணத்துக்குள் செய்தார் என்று நமக்குத் தெரியாது. கண்ணில் படுவதை மட்டும் சொல்லலாம்: "பழைய கேப்புக்கு அடியில சொத்தை போயிருக்கு."

4. சொல்லும் வரிசை

முதலில், அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். "இந்தப் பல்லுல என்ன பிரச்சினைன்னு நினைக்கிறீங்க?" பாதிப் பேர் தாங்களே சொல்லிவிடுவார்கள்: "எடுக்கணும்னு நினைக்கிறேன் டாக்டர்." அப்போது உங்கள் வேலை பாதி முடிந்தது.

அடுத்து, முன்னறிவிப்பாக ஒரு வாக்கியம். "எக்ஸ்ரேல நான் எதிர்பார்த்ததைவிட அதிகமா இருக்கு." இரண்டு மூன்று நொடி விடுங்கள். பிறகு செய்தி, ஒரே வாக்கியத்தில்: "இந்தப் பல்லைக் காப்பாத்த முடியாது, எடுக்கத்தான் வேண்டியிருக்கும்." இங்கே நிறுத்துங்கள். புதியவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அந்த அமைதி பொறுக்காமல் உடனே இம்பிளான்ட், பிரிட்ஜ், விலை என்று அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். கேட்பவர் மனதில் 'எடுக்கணும்' என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் ஏறியிருக்காது. அவர் வாய் திறக்கும்வரை பொறுங்கள்.

அவர் பெரும்பாலும் தன்னையே திட்டிக்கொள்வார். "என் தப்புதான் டாக்டர், நான்தான் கவனிக்கல." அதற்கு "ஆமாம்" என்று தலையாட்டாதீர்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று பொய்யும் சொல்லாதீர்கள். "வலி இல்லாம உள்ளேயே வளர்ற நோய் இது, நிறையப் பேருக்குத் தெரியறதே இல்ல. இன்னைக்கு வந்துட்டீங்க, இங்கேருந்து என்ன பண்ணலாம்னு பார்ப்போம்" என்றால் போதும். உண்மையும் அதுதான்.

எக்ஸ்ரேவைக் காட்டும்போது கெட்ட பல்லில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் நல்ல பல்லைக் காட்டி, எலும்பு எதுவரை இருக்க வேண்டும் என்று விரலால் கோடு காட்டுங்கள். பிறகு அந்தக் கோட்டை நோயுள்ள பல்லுக்கு நகர்த்துங்கள். இடைவெளியை அவரே பார்த்துவிடுவார்.

கடைசியாக ஒரு சோதனை: "வீட்ல கேட்டா என்ன சொல்வீங்க?" அவர் திருப்பிச் சொல்வதில் விட்டுப்போனதை மட்டும் நிரப்புங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரியாதவரும் ஆமாம் என்றுதான் சொல்வார்.

5. ஈறு நோய்: எண்களை அவரே கேட்கட்டும்

அளவுகோல் கம்பியை ஈறுக்குள் விடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "ஒவ்வொரு பல்லைச் சுத்தியும் ஆறு இடத்துல அளப்பேன். நம்பர் சத்தமா சொல்வேன். ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் நல்லது. நாலு, அஞ்சு வந்தா கவனிக்கணும். ஆறும் அதுக்கு மேலயும் ஆழம்." பிறகு உதவியாளர் குறித்துக்கொள்ளத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போங்கள். இரண்டு, மூன்று, இரண்டு, ஏழு. அந்த ஏழு காதில் விழும்போது நோயாளிக்கே தெரிந்துவிடுகிறது. திட்டுவதற்கு இங்கே இடமே இல்லை. மில்லிமீட்டர் யாரையும் குறை சொல்வதில்லை. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

புகையும் சர்க்கரையும் இந்த நோயை வேகப்படுத்தும். ஈறு நோய்களுக்கான 2017 உலகக் கருத்தரங்கின் வகைப்பாட்டில் ஒரு நாளைக்கு 10 சிகரெட் அல்லது அதற்கு மேல், அல்லது சர்க்கரை நோயாளிக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 7 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான பிரிவுக்கு ஏறிவிடும். இதைச் சொல்லும்போது "நீங்க சிகரெட் பிடிக்கிறதால" என்று ஆரம்பிக்காமல், "சிகரெட் ஈறுக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அதனால ரத்தம்கூட வராம நோய் உள்ளே மறைஞ்சுடும்" என்று சொன்னால் குற்றவாளி சிகரெட்டாக இருக்கும், அவராக இருக்கமாட்டார். மூன்று மாதச் சர்க்கரை அளவை எடுத்துப் பல மாதம் ஆகியிருந்தால் அன்றே எழுதிக்கொடுங்கள்.

பெரிய பொறி ஒன்று. 'கிளீன் பண்ணினா பல் ஆடிடும்' என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். படிந்த காரை பற்களை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் இடைவெளி தெரியும், கூச்சம் வரும், ஆட்டமும் கூடுதலாகத் தெரியும். இதை முன்கூட்டிச் சொன்னால் அது விளக்கம். பிறகு சொன்னால் சமாளிப்பு. "எடுத்த முதல் வாரம் கூசும், நடுவுல சந்து தெரியும். ஆறிலேருந்து எட்டு வாரம் கழிச்சு மறுபடி இதே நம்பர்களை அளப்போம்" என்று மறு அளவுக்கான தேதியையும் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

6. முன்பல்லை எடுக்க வேண்டியிருந்தால்

கடைவாய்ப் பல்லுக்கு அழாதவர்கள் முன்பல்லுக்கு அழுவார்கள். "வீட்ல ஏதாவது விசேஷம் வருதா?" என்று முதலிலேயே கேளுங்கள். பெண் பார்க்க வருகிறார்கள், மகள் வளைகாப்பு, வேலைக்கு நேர்காணல் என்று ஏதாவது இருக்கும். அவசரமில்லாத பல்லை அதற்குத் தகுந்தாற்போல் தள்ளிவைக்கலாம்.

மாற்றுப் பல் கையில் இல்லாமல் முன்பல்லை எடுக்காதீர்கள். முதல் வருகையில் அச்சும் நிறமும் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். சில நாளில் தற்காலிகக் கழற்றும் பல் வந்துவிடும். எடுக்கிற அன்றே மாட்டி, 24 மணி நேரம் கழற்ற வேண்டாம் என்று சொல்லி, மறுநாள் வரவழைத்து நீங்களே கழற்றிப் பாருங்கள். ஈறு வற்றுவதால் அடுத்த மூன்று முதல் ஆறு மாதத்தில் அது தளரும்; அடியில் நிரப்பித் தர வேண்டியிருக்கும், நிலையான பல் அதற்குப் பிறகுதான் என்பதையும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். 'ஓட்டைப் பல்லோட வெளியில போகமாட்டீங்க' என்ற உறுதிதான் அவருக்கு அந்த நேரத்தில் தேவை.

7. குழந்தையின் சொத்தை: அம்மாவின் முகத்தைப் பாருங்கள்

இரண்டு வயதுக் குழந்தைக்கு மேல் முன்பற்கள் நான்கும் கறுத்திருக்கும், கீழ் முன்பற்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தூங்கும்போது பால் தேங்குவதும், நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்வதும் காரணம். அம்மாவுக்குப் பக்கத்தில் மாமியார் நிற்கிறார் என்றால், நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை வீட்டில் பத்து வார்த்தையாகும். "பாட்டில் கொடுத்து தூங்க வெச்சீங்களா?" என்று கேட்காமல், "ராத்திரி கடைசியா என்ன குடிச்சிட்டுத் தூங்குறான்?" என்று கேளுங்கள். இரவில் பாலுக்குப் பிறகு ஈரத்துணியால் துடைப்பது, மூன்று வயதுவரை அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு புளோரைடு பற்பசை என்பதை இரண்டு பேரிடமும் சேர்த்தே சொல்லுங்கள். யார் செய்வது என்பதை அவர்களே பிரித்துக்கொள்வார்கள்.

38 சதவீத வெள்ளி டயமின் புளோரைடு என்ற மருந்துத் திரவத்தைத் தடவினால் சொத்தை நிற்கும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுப்பாகும். தடவுவதற்கு முன் வேறொரு குழந்தையின் படத்தைக் காட்டி, அம்மா அப்பா இருவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள்; அந்தப் படத்தில் முகம் தெரியக் கூடாது. இந்தப் படத்தைக் காட்டாமல் செய்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வது சர்வ சாதாரணம்.

8. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள்.

கூரான பல்லையோ உரசும் பல்செட்டையோ சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் நாளே அந்தத் தேதியைச் சீட்டில் எழுதிக்கொடுங்கள், உங்கள் பதிவேட்டிலும் குறியுங்கள். அவர் வரவில்லையென்றால் போன் செய்ய வேண்டியது நீங்கள். காரம் பட்டால் எரிகிறது, வாய் முழுதாகத் திறக்கவில்லை, கன்னம் பட்டையாகத் தட்டுப்படுகிறது என்றால் பாக்கினால் வரும் தழும்பு நோய். மூன்று விரல் நுழையாத வாயை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள்; ஏற்கெனவே இறுகிப்போனது முழுதாகத் தளராது, பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. 'வெறும் பாக்குதானே' என்பவருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

பயாப்ஸிக்கு அனுப்பும் அன்று: "சும்மா ஒரு டெஸ்ட்" என்று சொல்லாதீர்கள். முடிவு மோசமாக வந்தால் அந்தச் 'சும்மா' உங்கள் மேல் உள்ள நம்பிக்கையை உடைத்துவிடும். "பல விதமான காரணம் இருக்கலாம். கேன்சர் இல்லைன்னு உறுதிப்படுத்தறதும் இதுல ஒண்ணு. கண்ணால பார்த்து சொல்ல முடியாது, அதான் எடுக்கிறோம்" என்று அந்தச் சொல்லை நீங்களே சொல்லிவிடுங்கள். அதே மூச்சில் இன்னொரு கேள்வி: "ரிசல்ட் வந்ததும் உங்ககிட்ட நேரா சொல்லட்டுமா? கூட யார் இருக்கணும்?" பதிலைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பிறகு மகன் தனியாக வந்து "அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்" என்று கையைப் பிடிக்கும்போது இந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும். "அப்பாவே நேரா சொல்லச் சொல்லியிருக்கார். நீங்க பக்கத்துல இருங்க, சேர்ந்தே சொல்வோம்" என்று சொல்லலாம்.

எடுத்த சதை, கெடாமல் காக்கும் 10 சதவீத பார்மலினில், சதையின் அளவைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் போக வேண்டும். சலைனில் (உப்புக் கரைசலில்) போட்டு அனுப்பினால் கெட்டுப்போகும், மறுபடி வெட்ட வேண்டி வரும். அதுவே ஒரு கெட்ட செய்தி. படிவத்தில் வயது, இடம், அளவு, எத்தனை நாள், பழக்கம் எல்லாம் இருக்கட்டும். பொதுவாக ஒரு வாரத்துக்குள் அறிக்கை வரும். பார்த்தவுடனே சந்தேகம் பலமாக இருக்கும் பெரிய புண்ணை நீங்கள் வெட்டாமல் நேராகப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். அந்த இடத்தில் ஆடும் பல்லை மட்டும் தயவுசெய்து பிடுங்கிவிடாதீர்கள்.

அறிக்கை வந்த பின்: போனில் முடிவைச் சொல்லாதீர்கள். "ரிப்போர்ட் வந்திருக்கு, நேர்ல பேசணும், வீட்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி, முடிந்தால் அன்றே அல்லது மறுநாள் காலை வரச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலையில் சொன்னால் திங்கள்வரை அவர்கள் தூக்கமில்லாமல் எங்கும் போக முடியாமல் தவிப்பார்கள். வார நாள் காலையில் சொன்னால் அடுத்த நாளே மருத்துவமனை வாசலில் நிற்கலாம்.

அவர் உட்காரும் முன் மேசையில் இருக்க வேண்டியவை: அறிக்கையின் இரண்டு நகல், புண்ணின் புகைப்படம், ஓபிஜி (தாடை முழுவதும் தெரியும் எக்ஸ்ரே), பரிந்துரைக் கடிதம். கடிதத்தில் இடம், மில்லிமீட்டரில் அளவு, கழுத்தில் நெறி தட்டுப்பட்டதா, பயாப்ஸி எண், சர்க்கரை மற்றும் ரத்த அழுத்த மாத்திரைகள் என்று ஒரே பக்கத்தில். பலர் மறக்கும் ஒன்று: ஆய்வகத்திலிருந்து, எடுத்த சதை பதிந்த கண்ணாடிச் சில்லையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். பெரிய மருத்துவமனைகள் தாங்களே மறுபடி பார்ப்பார்கள். அது இல்லாமல் போனால் வெறுங்கையோடு திரும்பி வந்து இன்னொரு முறை அலைய வேண்டும்.

சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம், ராயப்பேட்டை அரசு மருத்துவமனை; காஞ்சிபுரத்தில் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை; தெற்கே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. எங்கே, எந்த நாள் புறநோயாளிப் பிரிவு என்பதை நீங்களே போன் செய்து கேட்டு எழுதிக்கொடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு, புற்றுநோய் சிகிச்சையும் அதில் வரும். அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். இதைச் சாதாரணச் சொத்தைக்கும் செட்டுப் பல்லுக்கும் பயன்படுத்த முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பிறகு வருத்தம் இல்லை.

கதிர்வீச்சு வரப்போகிறது என்றால் கெட்ட பற்களை அதற்கு இரண்டு வாரம் முன்பே எடுத்திருக்க வேண்டும். இதை அந்த மருத்துவமனையோடு பேசி நீங்கள் முடிவு செய்யுங்கள். நோயாளி தலையில் போடாதீர்கள்.

புகையிலையை விடச் சொல்லும் பேச்சு அன்றைக்கு ஒரு வரி போதும். "இன்னையிலேருந்து விட்டா ஆப்பரேஷன் பண்ணின இடம் நல்லா ஆறும்." 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசுவார்கள் என்று எழுதிக்கொடுங்கள். வாயை முழுதாகத் திறக்க முடியாதவருக்கு நிக்கோட்டின் மெல்லுகோந்து சரிவராது, தோலில் ஒட்டும் பட்டை உதவும்.

9. நம் கையில் நேர்ந்தது

வேர் சிகிச்சையில் கருவி முனை உடைந்து உள்ளே நின்றுவிட்டால், வேர் துளைபட்டால், பக்கத்துப் பல் சிதைந்தால், அவர் நாற்காலியை விட்டு இறங்கும் முன் சொல்லிவிடுங்கள். "வேர் வளைஞ்சிருந்த இடத்துல கருவியோட நுனி உடைஞ்சு நின்னுடுச்சு. இதோ எக்ஸ்ரேல இந்தக் கோடு. வருத்தப்படறேன். வேர் சிகிச்சை நிபுணர் பார்த்து எடுக்கணுமா, விட்டுட்டு மேலேயே அடைக்கலாமான்னு சொல்வார். அந்தச் செலவு உங்களுக்கு இல்ல." எந்தப் பல், எந்த வேர், எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் அன்றே எழுதி, எக்ஸ்ரே நகலைக் கையில் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு கிளினிக்கில் இதைத் தெரிந்துகொள்ளும் நோயாளிதான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறார்.

10. பணத்தைத் தனியாகப் பேசுங்கள்

செய்தியும் விலையும் ஒரே மூச்சில் வந்தால் செய்தியே விற்பனை மாதிரி ஒலிக்கும். முதலில் நோய். அவர் கேட்ட பிறகு, அல்லது "செலவைப் பத்தி இப்போ பேசலாமா?" என்று நீங்கள் கேட்ட பிறகு, தாளில் எழுதி மூன்று பிரிவாகக் காட்டுங்கள்: உடனே வேண்டியது, சில மாதம் பொறுக்கலாம், விருப்பப்பட்டால். தனியார் கிளினிக்குகளில் வேர் சிகிச்சை பொதுவாக 3,000 முதல் 8,000 ரூபாய், அதன் மேல் கேப் பொருளைப் பொறுத்து 3,000 முதல் 15,000, ஒரு இம்பிளான்ட் பல் 25,000 முதல் 50,000 என்று ஊருக்கு ஊர் மாறும். வேர் சிகிச்சைக்கு மட்டும் விலை சொல்லிவிட்டுக் கேப்பைக் கடைசி நாளில் சொல்வது தீராத கசப்பை உண்டாக்கும். எடுத்ததுமே மொத்தத் தொகையாகச் சொல்லுங்கள்.

முடியாதவரிடம் மலிவான வழியைக் கேவலமாகக் காட்டாதீர்கள். "பல்லை எடுத்துட்டுக் கழற்றி மாட்டற பல் போடறதும் சரியான வைத்தியம்தான்" என்று நேராகச் சொல்லுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய அரசுக் கல்லூரிகளின் முகவரியை ஒரு சீட்டில் அச்சடித்து மேசையில் வைத்துக்கொண்டால் தரும்போது இருவருக்கும் சங்கடம் இருக்காது.

11. எழுதி வைப்பதும் பின்தொடர்வதும்

சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும். ஒன்றுக்கு வாங்கிய சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேர் சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கிவிட்டு, நடுவில் பல் பிளந்திருப்பதைப் பார்த்தால், மரத்துப்போன வாயோடு இருப்பவரிடம் "எடுத்துடலாமா" என்று கேட்டு எடுத்துவிடாதீர்கள். தற்காலிகமாக அடைத்து அனுப்பி, மறுநாள் பேசி, தனியாகக் கையெழுத்து வாங்குங்கள்.

பதிவேட்டில் 'ஒத்துழைக்காதவர்', 'அலட்சியமானவர்' என்ற சொற்கள் வேண்டாம். 'பாக்கு, நாளுக்கு 8 பொட்டலம், 12 ஆண்டு, இடது கன்னம்' என்று எழுதினால் அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கும் பயன்படும். அந்தத் தாளை நோயாளியே வாங்கிப் படித்தாலும் உங்களுக்குத் தலைகுனிவு இல்லை.

செய்தி சொன்ன அன்று மாலை அல்லது மறுநாள் ஒரு போன், அதுவும் வரவேற்பாளர் இல்லாமல் நீங்களே. "நேத்து நிறைய சொன்னேன். ஏதாவது கேக்க விட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பயாப்ஸிக்காரர்களுக்கு ஒரு வாரம் கழித்து இரண்டாவது போன்: மருத்துவமனையில் பதிவு எண் கிடைத்ததா, சில்லை வாங்கிக்கொண்டார்களா, அடுத்த தேதி என்ன. பதிவு எண் இல்லையென்றால் அவர் இன்னும் போகவில்லை. "ஏன் போகல" என்று கேட்காமல், "எந்த நாள் போறதுக்கு வசதிப்படும், கூட யார் வருவாங்க?" என்று கேட்டு, அந்தத் தேதியை உங்கள் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.